இன்னும் ஒரு ஆள் ஏறினால் கிளம்பிடலாம்!

‘ஷேர் ஆட்டோவில் போவீர்களா, மாட்டீர்களா? ஏன்?’ என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி பாராட்டு. சிலர் ஒரே கடிதத்தில் இரண்டையும் செய்திருக்கிறார்கள். சென்னையில் போரூரிலிருந்து கிண்டிக்கு ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக் கணக்குப் பிரிவுக்குப் போய்வந்த காலம் முழுக்க எனக்கு ஷேர் ஆட்டோதான். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பதில்களில் கொஞ்சம் பாரபட்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்குக் கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. ஷேர் ஆட்டோவிலேயே போய்வருகிறேன் என்கிறாள். முன்பின் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார வேண்டுமே என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தினமும் கேப் வைத்துக்கொள் என்றால், சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்கிறாள். அவளுக்கு என்ன சொல்லட்டும், அக்கா?
– வாசகி, ஐயப்பன்தாங்கல்

முதலில் ‘சரி, போய்வா’ என்று சொல்லுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கேப் என்றால் பத்திரம், ஷேர் ஆட்டோ என்றால் ஆபத்து என்று நீங்கள் போடும் கணக்கை, தினமும் போய்வரும் பெண்கள் போடுவதில்லை. ஷேர் ஆட்டோ வந்து நின்றதும் அவர்களுடைய கண் உள்ளே ஒரு சுற்று சுற்றிவரும். வேறு பெண்கள் இருக்கிறார்களா, ஓர சீட் காலியா, டிரைவர் நிதானமாக இருக்கிறாரா, பின்னால் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் ஒரே கூட்டமா, தனித்தனி ஆட்களா? இவ்வளவையும் பார்க்க இரண்டு மூன்று விநாடி போதும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் ‘நீங்க போங்கண்ணா’ என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்பார்கள். காலை நேரத்தில் மவுன்ட் – பூந்தமல்லி சாலையில் அடுத்த வண்டி வர அதிக நேரம் ஆகாது. யாரோடு போகப்போகிறோம் என்பதை ஏறுவதற்கு முன்பே பார்த்துவிடலாம் என்பது ஷேர் ஆட்டோவில் பெரிய வசதி. பிடிக்காவிட்டால் வழியில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிடலாம். கண்ணாடி ஏற்றிய காரில் இதெல்லாம் நடக்காது.

அதே பெண்கள் ராத்திரி பத்து மணிக்குக் காலியாக வரும் ஷேர் ஆட்டோவில் ஏறமாட்டார்கள். ஏறவும் கூடாது. வண்டியில் கூட்டம் இருக்கிறவரைதான் அது ஷேர் ஆட்டோ. ஆள் இல்லை என்றால், தெரியாத ஒருவர் ஓட்டும் இருட்டு வண்டி, அவ்வளவுதான். மழை நாளிலும் யோசிக்க வேண்டும். சாரலுக்காக இரண்டு பக்கமும் ரெக்சின் படுதாவை இறக்கிவிட்டுவிடுவார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது, வண்டி எந்த இடத்தில் போகிறது என்று உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. எங்கள் ஆபீஸ் பெண்கள் மழைக்காலத்தில் மட்டும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துதான் புறப்படுவார்கள்.

இடிபடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். சமீபத்தில் ராமாபுரம் பக்கம் ஒரு பெண் ஏறினாள், கல்லூரி முடித்த வயது இருக்கும். உட்கார்ந்ததும் முதுகுப்பையைக் கழற்றி மடியில் குறுக்காக வைத்தாள். சாப்பாட்டுப் பையைத் தனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே செருகினாள். குடையின் பிடியை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆள் தானாகவே ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார். எதிரில் இருந்த பூக்கார அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் மகளும் ஒரு வாரத்தில் இதையெல்லாம் பழகிவிடுவாள். டிரைவர் பக்கத்துப் பலகையில் உட்காரச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடட்டும். நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு ஏறினால் உங்கள் வயிற்றுக் கலக்கமும் குறையும். பெண்கள் உதவி எண் 181. போனில் போட்டு வைத்துக்கொள்ளட்டும்.

பெண்களுக்குப் பஸ் இலவசம் என்றாகிவிட்டது. அப்புறமும் ஷேர் ஆட்டோவில் ஏன் இவ்வளவு பெண்கள்? பணம் அதிகமாகிவிட்டதா?
– வாசகர், பெரம்பூர்

கடைசி வாக்கியத்தில் உள்ள குத்தல் தேவையில்லை, ஐயா.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில்தான் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சென்னையில் அந்த பஸ்களின் முகப்பில் பிங்க் வண்ணமும் பூசினார்கள். டீலக்ஸ், ஏசி பஸ் வந்தால் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். முதலில் வருவது எந்த பஸ் என்பது நம் கையிலா இருக்கிறது?

எங்கள் அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் அம்மா நந்தம்பாக்கத்திலிருந்து வருகிறார். காலையில் ஷேர் ஆட்டோ, சாயங்காலம் பஸ். நான் ஒருநாள் கேட்டேன். “காலைல லேட்டானா மூணாவது வீட்டு மேடம் பூட்டிட்டு ஆபீஸ் போயிடுவாங்கக்கா. அன்னிக்கு வேலையும் இல்ல, மறுநாள் பேச்சும் கேக்கணும். சாயங்காலம் நான் எத்தனை மணிக்குப் போனா என்ன?” என்றார். காலையில் அவர் கொடுக்கும் இருபது ரூபாய், பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் நிற்காமல் இருப்பதற்கு. சாயங்காலம் அந்த இருபதை மிச்சம் பிடித்துவிடுகிறார். இந்தக் கணக்கைப் பண வசதி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஷேர் ஆட்டோ தெருமுனையில் கையைக் காட்டினால் நிற்கும். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் எத்தனை தடுப்பைச் சுற்ற வேண்டியிருக்கிறது என்று கால் வலிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கினால் அக்கம்பக்கத்தில் மதிப்பு போய்விடும் என்கிறார் என் கணவர். உங்கள் கருத்து?
– வாசகி, வளசரவாக்கம்

அவர் எதில் போகிறார் என்று எழுதவில்லையே? பைக்கில் என்றால் பெட்ரோல் விலையைச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டும் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போகிறார் என்றால், மதிப்பைப் பற்றிப் பேசும் உரிமை அவருக்கு இல்லை.

சில வருடங்களுக்கு முன் போன் ஆப்பில் ஷேர் கேப் வந்தபோது ஆசையாகப் பதிவு செய்துகொண்டு போனேன். பெருங்குடியில் ஒருவரை ஏற்ற ஒரு சந்து, துரைப்பாக்கத்தில் இன்னொருவரை இறக்க இன்னொரு சந்து என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் பஸ்ஸில் போயிருந்தால் முன்பே போயிருக்கலாம் என்று ஆகிவிட்டது. இந்த ஏற்பாடு ஏன் எடுபடவில்லை?
– வாசகர், சோழிங்கநல்லூர்

நல்ல கேள்வி, தம்பி. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

ஷேர் ஆட்டோ நேர்கோட்டில் ஓடும் வண்டி. போரூரிலிருந்து கிண்டி வரை மெயின் ரோட்டை விட்டு எந்தச் சந்திலும் நுழையாது. முகலிவாக்கத்துக்குள் குடியிருப்பவர் தானே நடந்து மெயின் ரோட்டுக்கு வருகிறார். ஏறுகிறவருக்கு ஒரு விநாடி, இறங்குகிறவருக்கு ஒரு விநாடி, அதற்கு மேல் மற்றவர்களின் நேரம் யாருக்கும் செலவாவதில்லை. ஆப்பில் வந்த ஷேர் கேப் ஒவ்வொருவரின் வாசலுக்கும் வரும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உங்கள் வாசலுக்கு வந்தால் மற்ற இரண்டு பேருக்குத் தாமதம், அவர்கள் வாசலுக்குப் போனால் உங்களுக்குத் தாமதம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு யூ-டர்ன் எடுத்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காசு விஷயத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. பதிவு செய்யும்போதே உங்களுக்குத் தள்ளுபடி கிடைத்துவிடும். துணைக்கு வேறு பயணி கிடைக்காவிட்டால் அந்த நஷ்டம் கம்பெனிக்கு. அதனால் எப்படியாவது இன்னொருவரைக் கோத்துவிடப் பார்ப்பார்கள், அவர் எதிர்த்திசையில் நின்றால்கூட. டிரைவருக்கோ ஒரு சவாரிக்குப் பதில் மூன்று பேரைத் தேடும் வேலை, மூன்று பேரின் கோபம், மூன்று பேர் போடும் ஸ்டார். ஷேர் சவாரி வேண்டாம் என்று டிரைவர்களே மழுப்பியதும் உண்டு.

அப்புறம் சட்டம். ஓலா, ஊபர் இரண்டும் 2015 வாக்கில் இந்திய நகரங்களில் இந்த ஷேர் கேப்பைக் கொண்டுவந்தன. இந்த டாக்ஸிகளுக்கு இருப்பது காண்ட்ராக்ட் கேரேஜ் பர்மிட். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஒப்பந்தம் பேசிப் போகலாம், வழியில் ஆளை ஏற்றி இறக்கக் கூடாது. இதைக் காட்டித்தான் 2017 தொடக்கத்தில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை அங்கே ஷேர் சவாரியை நிறுத்தச் சொன்னது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் எல்லா ஊரிலும் நிறுத்தினார்கள். தெரியாதவர் பக்கத்தில் மூக்கை மூடிக்கொண்டு உட்கார யாருக்கு மனம் வரும்?

இத்தனையையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது, மேலே ஐயப்பன்தாங்கல் சகோதரிக்குச் சொன்ன விஷயம்தான். ஆப்பில் பணம் கட்டிய பிறகு, கார் கதவைத் திறக்கும்போதுதான் உள்ளே இருப்பவர் யார் என்று தெரியும். பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்து அபராதம் கட்ட வேண்டும். 2020 நவம்பரில் மத்திய அரசு ஆப் டாக்ஸிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், சேர்ந்து போகும் பெண்கள் பெண்களோடு மட்டும் போக விரும்பினால் அந்த வசதியைத் தர வேண்டும் என்று எழுதினார்கள். நல்ல விதிதான். முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டும்.

தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் ‘இன்னும் ஒரு ஆள், இன்னும் ஒரு ஆள்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏழு பேர் வண்டியில் பத்துப் பேரை அடைக்கிறார்கள். கேட்டால் ‘இறங்கி பஸ்ல போங்க’ என்கிறார் டிரைவர். இவர்களைக் கேட்க ஆளே இல்லையா?
– வாசகி, செம்பாக்கம்

கேட்க ஆள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் விதம்தான் வேறு.

எங்கள் பக்கத்தில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். சிக்னலுக்கு நூறு அடி முன்னால் வண்டியை நிறுத்தி, “நாலு பேரு இறங்கி சிக்னல் தாண்டி நில்லுங்க, ஏத்திக்கிறேன்” என்பார் டிரைவர். போலீஸ் நிற்கிறார் என்று அர்த்தம். நாலு பேர் இறங்கி நடப்பார்கள். போலீஸ்காரரும் அந்த நாலு பேரைப் பார்ப்பார், பின்னால் மெல்ல ஊர்ந்து வரும் வண்டியையும் பார்ப்பார். சிக்னலைத் தாண்டியதும் அதே நாலு பேர் அதே வண்டியில் ஏறுவார்கள். முழங்கால் வலியோடு நானும் நடந்திருக்கிறேன்.

வழியெல்லாம் ஏற்றி இறக்கும் உரிமை 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஸ்டேஜ் கேரேஜ் பர்மிட் உள்ள வண்டிக்குத்தான், அதாவது பஸ்ஸுக்கு. ஷேர் ஆட்டோ செய்வது பஸ்ஸின் வேலை, கையில் இருப்பது வேறு பர்மிட். இருபது வருடத்துக்கு மேலாக லட்சக்கணக்கானவர்கள் ஏறி இறங்கும் ஒரு போக்குவரத்தை முறையாக ஏற்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஏற்றுக்கொண்டிருந்தால் வழித்தடம், கட்டணம், இத்தனை பேர்தான் என்ற கணக்கு எல்லாம் வந்திருக்கும். டிரைவரைத் திட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. திட்டில் பாதியை எடுத்து அரசாங்கத்துக்கும் கொடுங்கள் என்கிறேன்.

டிரைவர் ஏன் நிரப்பப் பார்க்கிறார்? காலையில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். போகும்போது வண்டி பிதுங்கும், திரும்பும்போது காற்றை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். போகும் சவாரியில்தான் இரண்டு பக்கத்து டீசலும், வண்டி டியூவும், வாடகை வண்டி என்றால் ஓனருக்குக் கட்டும் காசும் எடுக்க வேண்டும். இந்த நியாயத்துக்காக நீங்கள் பத்தாவது ஆளாக ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ்காரர்கள் அதையே காரணமாகப் பிடித்துக்கொண்டு இழுத்தடிப்பார்கள். பிடிக்க ஒரு கம்பிகூட இல்லாமல் விளிம்பில் தொற்றி உட்காரச் சொன்னால் கண்டிப்பாக ஏறாதீர்கள்.

காத்திருப்பதைத் தவிர்க்க ஒரு வழி சொல்கிறேன். ஸ்டாண்டில் ஏறாமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்து போய் நில்லுங்கள். அங்கே வரும் வண்டி ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பி ஓட ஆரம்பித்திருக்கும், ஆள் சேரட்டும் என்று காத்து நிற்காது. ஆனால் நல்ல சீட் கிடைக்காது. ஸ்டாண்டில் ஏறினால் ஓர சீட் கிடைக்கும், கிளம்பும் நேரம் தெரியாது. அவசரம் இருக்கும் நாளில் நான் நடப்பேன். மற்ற நாளில் ஓர சீட்தான்.

அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்கு என் காரில் அலுவலக நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள். பெட்ரோலுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். இது சட்டப்படி சரியா? ஒருவர் தினமும் தாமதம் செய்கிறார். அவரை எப்படிக் கழற்றிவிடுவது?
– வாசகர், அம்பத்தூர்

சட்டக் கேள்வி சாக்கு, இரண்டாவதுதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. இருந்தாலும் முறைப்படியே போவோம்.

வெள்ளை நம்பர் போர்டு கார் சொந்த உபயோகத்துக்கு. அதை வாடகைக்கு ஓட்டினால் பர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதம். சொந்தக் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்ற நிபந்தனை இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். சொந்தக் காரில் சவாரி பகிர்வதை நான் முன்பு சொன்ன 2020 நெறிமுறை அனுமதித்தது, ஊருக்குள் ஒரு நாளைக்கு நாலு சவாரி வரை. ஆனால் நெறிமுறையை நடைமுறைக்குக் கொண்டுவருவது மாநிலங்களின் கையில். 2023-ல் பெங்களூரில் வெள்ளை போர்டு காரில் கட்டணம் வாங்கி கார்பூல் ஆப்பில் ஆள் ஏற்றுவது தப்பு என்று எச்சரித்தார்கள், பெரிய சண்டையே நடந்தது. நண்பர்கள் பெட்ரோல் செலவைப் பங்கு போடுவதை யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை. ஆனால் அதில் லாபம் பார்க்காதீர்கள். முடிந்தால் வாரம் ஒருவர் காரை எடுங்கள், காசுப் பேச்சே எழாது.

இனி தாமதக்காரர். கார்பூல் உடைவது பெரும்பாலும் காசால் அல்ல. ஐந்து நிமிடத்தால் உடைகிறது, ஏசி அளவால் உடைகிறது, வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை என்று முந்தின நாள் ராத்திரி சொல்வதால் உடைகிறது. ஷேர் ஆட்டோவில் இந்தத் தொல்லை இல்லை, யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. உங்கள் காரிலும் அதே முறையைக் கொண்டுவாருங்கள். அவர் வீட்டு வாசலுக்குப் போவதை நிறுத்துங்கள். மெயின் ரோட்டில் ஒரு இடம், ஒரு நேரம், அதற்கு மேல் மூன்று நிமிடம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் பொதுவாகப் போடுங்கள், அவர் பெயரைச் சொல்லாதீர்கள். இரண்டு முறை விட்டுவிட்டுப் போனால் மூன்றாம் முறை உங்களுக்கு முன்பே வந்து நிற்பார், அல்லது வேறு கார் பார்த்துக்கொள்வார். எப்படியானாலும் உங்களுக்கு நல்லதுதான்.

பின் சீட்டில் இருந்து முன்னால் இருப்பவர்கள் கைவழியாகக் காசு கொடுத்து அனுப்பினால் மீதிச் சில்லறை ஒழுங்காகத் திரும்பி வருமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், ஆவடி

வரும். நான் அனுப்பிய காசு இதுவரை வழியில் தொலைந்ததில்லை. நூறு ரூபாய் நோட்டு என்றால் மட்டும் ‘கிண்டி ஒண்ணு, நூறு’ என்று எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்லி அனுப்புங்கள். இப்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஸ்கேன் செய்யும் அட்டை ஒட்டியிருக்கிறார்கள், அதிலும் கட்டலாம். ஆனால் ஓடும் வண்டியில் ஆடும் கையோடு ஸ்கேன் செய்து, சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குமிடத்தில் நின்றால், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். கத்திப்பாராவில் இறங்குகிறவர் நந்தம்பாக்கம் வரும்போதே காசைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.